நாத்தனார் போட்ட பூசணி

பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்த நாத்தனார், பத்தாம் நாள் காலையில் பெட்டியை எடுக்காமல் மண்வெட்டியை எடுத்தாள். பம்பு மெக்கானிக்கின் மனைவிக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. கிளம்ப வேண்டிய நாளில் குழி வெட்டுகிறவள் இப்போதைக்குக் கிளம்பப் போகிறவளா என்ன?

"அண்ணி, வேலியோரம் சும்மாதானே கெடக்கு? ஆறு குழி பூசணி போடட்டுமா?"

"உங்க அண்ணன் வீடு, உங்க அண்ணன் மண்ணு. என்னை எதுக்கும்மா கேக்கறே?"

"ஐயோ அண்ணி, இது உங்க தோட்டம்" என்று ஒரு பதில் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள். வந்தால்தானே! "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு நாத்தனார் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். குளிர் விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மண் பதமாக, கேட்ட பக்கம் புரண்டுகொடுத்தது. அது வேறு எரிச்சல்.

நாத்தனார் நல்லவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டிக்கொண்டவன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். பிள்ளை குட்டி இல்லை. டவுனில் ஒரு செடி நர்சரியில் வேலை பார்த்தாள், அதையும் மூடிவிட்டார்கள். தூரத்து ஊர் நர்சரி ஒன்றில் தங்க அறையோடு வேலை தருகிறோம் என்கிறார்கள், கோடை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவரை அண்ணன் வீட்டில் இருக்கட்டுமே என்று யாருக்கும் தோன்றும். அண்ணிக்கும் தோன்றியது. ஆனால் தோன்றுவது வேறு, தினம் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொல்லைப்புறம் முழுக்கக் கல். முதுகு ஒடியக் குனிந்து குனிந்து கல் பொறுக்கியவள் அவள். கிணற்றடியில் கீரைப் பாத்தி, அதற்குப் பக்கத்தில் வெங்காயம், கோழிக்கூண்டுக்குப் பின்னால் நாலு குழி பூசணி என்று ஒவ்வொன்றும் அவள் கை. நாத்தனாரோ வந்த அன்றைக்கே எலுமிச்சை மரத்தைத் தட்டிக்கொடுத்து, "நான் ஏழாவது படிக்கறப்ப வெச்சது, இன்னும் இருக்கே!" என்றாள். பதினொரு வருடம் தண்ணீர் ஊற்றியவளுக்கு அந்த மரம் ஒரே நொடியில் அடுத்தவள் வீட்டு மரம் ஆகிவிட்டது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான் என்று முதலில் முணுமுணுத்தாள். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் பிறந்தவள் அவள், ஒண்ட வந்தவள் நான் என்று உறைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை அவள் எடுக்கவேயில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மகள் விஷயம்தான் பொறுக்கவில்லை. ஏழு வயது. வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். எழுந்ததும் "அத்தை எங்க?" பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "அத்தை எங்க?" ஒரு நாள் தலை பின்ன உட்கார வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டு, "நீ வேணாம்மா. அத்தை பின்னினா சாயந்தரம் வரைக்கும் கலையாது" என்றாள். சீப்பை அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது. இன்னொரு நாள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். வேலி, கொடி, சூரியன், குடை அளவுக்கு ஒரு மஞ்சள் பூ. மேலே கொட்டை எழுத்தில் 'அத்தை தோட்டம்'.

"ஏண்டி, அம்மா போட்ட தோட்டம் கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"அது எப்பவும் இருக்கறதுதானே" என்றது பெண்.

கோபத்தைப் பாத்திரங்களின் மேல் காட்டினாள். அன்றைக்கு ஒரு மூடி நெளிந்தது.

ஆறு வாரத்தில் வேலியோரக் கொடி வேலியை மூடிவிட்டது. இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. கோழிக்கூண்டுப் பக்கத்து நாலு குழியும் மோசமில்லை, ஆனால் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நோஞ்சான். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது நாத்தனார் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, நர்சரிக்காரங்க மறுபடி போன் பண்ணாங்க. நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். இந்தக் கொடியில பிஞ்சு பிடிச்சா இங்கயே இருந்துடறேன். காய்கறி போட்டு வித்து என் சோத்தை நானே பாத்துக்குவேன். பிடிக்கலைன்னா இந்த மண்ணுக்கு நான் வேணாம்னு அர்த்தம், கெளம்பிடறேன்."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. "பிடிக்காம எங்க போகும்? வாலு, அத்தை இங்கதான் இனிமே!" வாலு சோற்றுக் கையோடு எழுந்து ஆடினாள். மெக்கானிக் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் இன்னொரு கரண்டி போட்டாள். உள்ளுக்குள் ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. பிஞ்சு பிடித்தால் இவள் இருப்பாள். இவள் இருந்தால் தோட்டம் போகும், பிள்ளையும் போகும்.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவுக்கு நீளக் காம்பு மட்டும்தான். பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு பிஞ்சு உட்கார்ந்திருக்கும். விடியற்காலையில் பூ விரியும், வெயில் ஏறினால் மூடிவிடும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் தேனீ காலில் ஒட்டி பெண் பூவுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பிஞ்சு மூன்றே நாளில் மஞ்சளாகி வெம்பி உதிரும். இது அவளுக்குத் தெரியாதா? பதினொரு வருடப் படிப்பு.

மறுநாள் பால் கறக்கப் போகிற வழியில் வேலியோரம் குனிந்து, விரிந்திருந்த ஆண் பூ அத்தனையையும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். ஒளித்து வைக்க இடம் வேண்டுமே? மாட்டுத் தொட்டியில் போட்டாள். பசு ஒரு பூவை முகர்ந்தது, தின்றது, நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டது. தடயமும் போயிற்று, அன்றைக்குப் பாலும் கூடியது.

ஒன்றுதான் இடித்தது. தேனீக்கு வேலியோரம், கூண்டோரம் என்ற பேதம் ஏது? அவள் கொடியின் ஆண் பூவிலிருந்து நாத்தனார் கொடிக்குப் பறந்துவிடுமே! கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு தன் கொடியிலும் ஒன்று விடாமல் கிள்ளினாள். எதிரிக்குச் சகுனத் தடையாக வேண்டும் என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டவன் கதை அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் அறுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம். ஒரு நாள் தவறவில்லை. பெண் பூக்கள் அழகழகாக விரிந்தன, பிஞ்சுகள் வரிசையாக வெம்பின. வாலு தினமும் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவாள். நாத்தனார் சாம்பல் தூவினாள், தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். ஒரு நாள் தானே ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவிவிடலாம் என்று கிளம்பியவள், ஆண் பூவே கண்ணில் படவில்லை என்று குழம்பித் திரும்பினாள். ஒழிந்தது என்று அண்ணிக்குக் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அரை மணி நேரம்கூட நிற்காது. நாத்தனார் மடியில் வாலு தலை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்ததும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

"எங்கியோ ஒரு வாஷர் போயிருக்கு" என்றான் மெக்கானிக். அவனுக்கு உலகத்தில் எது நின்றாலும் வாஷர்தான். "உன் கொடியிலயும் ஒண்ணும் பிடிக்கலையே! எத்தனை பாடுபட்டே, பாவம்."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவள் அரிசி களையத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலை தூக்க முடியவில்லை. "படுங்க அண்ணி, நான் கறந்துட்டு வரேன்" என்று சொம்பை எடுத்துக்கொண்டு நாத்தனார் போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. வந்தவள் சொம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடியில் ஒரு டம்ளர் பால்தான் கிடந்தது.

"மாடு விடல அண்ணி. என் ரெண்டு கையையும் மோந்து பாத்துச்சு, மடியில மூக்கை விட்டுத் தேடுச்சு. ஒண்ணும் இல்லைன்னதும் வேலிப் பக்கம் திரும்பி ஒரே கத்தல். என்னடா கேக்குதுன்னு தொட்டிக்கு அடியில பாத்தேன்."

கையை விரித்தாள். காய்ந்து சுருண்ட மஞ்சள் பூக்கள். எல்லாம் நீளக் காம்பு.

"நெறைய பூத்துச்சு, வீணாப் போகுதேன்னு..." என்று தொடங்கினாள் அண்ணி. நாத்தனார் விரித்த கையை மடக்கவில்லை. காய்ச்சல் வேறு. மூன்று வாரமாக அடக்கி வைத்தது உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஆமா, நான்தான்! பொறாமை. போதுமா? நீ நட்ட மரம், நீ போட்ட கொடி, நீ பின்னின தலை. பெத்தவ நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன் இந்த வீட்ல? நீ போயிடணும்னுதான் கிள்ளினேன்."

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான் மட்டும் என்ன ஒசத்தியா? வாலு உங்களை அம்மான்னு கூப்பிடறப்பல்லாம் எனக்கும் எரிஞ்சுது. அதனாலதான் தலையைப் பின்னி, கதை சொல்லி எம்பக்கம் இழுத்தேன். வேணும்னேதான் இழுத்தேன் அண்ணி."

அண்ணி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லப் போறியா?"

"எதுக்கு? அவரு உங்க கையிலதானே சாப்பிட்டாகணும்." எழுந்தாள். "மண்ணுதான் ஏத்துக்கலைன்னு நெனச்சேன். மண்ணுன்னா அடுத்த வருஷம் மறுபடி வெதைக்கலாம். மனுஷங்களுக்கு என்னத்தை வெதைக்கிறது? நர்சரிக்குச் சரின்னு சொல்லிடறேன்."

'இரு' என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது தொண்டை வரைக்கும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாலுவின் படம் ஞாபகம் வந்து அதை அப்படியே கீழே தள்ளிவிட்டது.

நாலாம் நாள் எல்லோரும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். "பிஞ்சு மட்டும் பிடிச்சிருந்தா இருந்திருப்பா" என்றான் மெக்கானிக் யாரிடமோ சொல்வது மாதிரி. நாத்தனார் வாலுவை ஒரு முறை கட்டிக்கொண்டாள். அண்ணியைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டாள். மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வாலு அழுதாள். அழுகையென்றால் சாதாரண அழுகை இல்லை, ரோட்டில் உட்கார்ந்து, காலை உதைத்து, மூச்சு வாங்க. ஜெயித்தவளுக்கு அந்த நேரத்தில் வந்தது வருத்தமா? இல்லை. மறுபடி அதே வயிற்றெரிச்சல்தான். ஆள் போன பிறகும் இவ்வளவா!

"போன வருஷம் நான் எங்க அம்மாவைப் பாக்கப் பத்து நாள் போனேனே, அப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சாடி உனக்கு?"

"அத்தைக்குப் பதிலா நீ போயிருக்கலாம்" என்றாள் வாலு விம்மிக்கொண்டே.

நடு ரோட்டில் யாரோ கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. "என்னடி சொன்னே?"

"நீதான் எங்க போனாலும் வந்துடுவியே! அத்தை இனிமே வர மாட்டாங்கல்ல..."

மூன்று வாரம் விடியற்காலையில் குனிந்து குனிந்து கிள்ளியது எதற்காக என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் பெற்றவளால் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை. வாலு எழுந்து, அம்மா இடுப்பில் மூக்கைத் தேய்த்துவிட்டு, பஸ் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் கையை நீட்டினாள், அங்கே ஒரு கை இருக்கும் என்று. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.