பவுனு கட்டிய வாட்ச்

கண்ணாடிப் பெட்டியின் மேல் கடைக்காரர் எடுத்து வைத்த வாட்சுகளில் பவுனு தொட்டது தங்கநிறச் சங்கிலி போட்டதை. தீப்பெட்டியில் பாதி அளவு சதுர முகம், பழுப்பேறிய தாள் நிறத்தில் தட்டு. சாவி கொடுத்து ஓட்டிய காலத்து வாட்ச் மாதிரி இருந்தது. உள்ளே பேட்டரிதான், பழைய மாடலைப் பார்த்துப் புதிதாகச் செய்கிறார்கள், காலேஜ் பிள்ளைகள் இதைத்தான் கேட்டு வருகிறார்கள் என்றார் கடைக்காரர். விலை எண்ணூற்றைம்பது. சொல்லிவிட்டு அவளுடைய கருத்த நகங்களைப் பார்த்தார். பிறகு கறுப்பு பிளாஸ்டிக் வாட்ச் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தோட்டத்து வேலைக்குப் போறவகளுக்கு இது போதும்மா."

"வேலைக்குப் போற கையில நல்லதா ஒண்ணு கெடந்தா ஆகாதாண்ணே?"

பவுனு விடாமல் கேட்கக் கேட்க அவர் சொன்னார். சாரல் தாங்கும், தண்ணீரில் முக்கினால் தாங்காது. வேர்வைக்கு முலாம் மங்கும், ஆனால் ஒரு வருஷமாவது ஆகும். தோல் பட்டை மழையில் நாறிப்போகும் என்பதால் சங்கிலிதான் சரி. அதே முகத்தில் கோடு கோடாகப் போட்டிருந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கினாள். யாரிடம் காட்டினாலும் படிக்க வரவேண்டும். கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்து வாங்கியவள், வீட்டுக்கு வந்து டிவியில் ஓடிய மணியோடும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

சுருளிப்பட்டியிலிருந்து பவுனுவோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள். காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை என்பதுதான் பேச்சு. தோட்டத்துக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசர் செல்லப்பாண்டி எல்லாருடைய போனையும் ஒரு பையில் வாங்கி ஸ்டோர் ரூமில் மாட்டிவிடுவான். மரங்கள் அடர்ந்த அந்தக் காட்டில் வெயில் தரைக்கு இறங்காது. நிழலைப் பார்த்து மணி சொல்லவும் வழியில்லை. செடியின் அடியில் குந்தி, சரம் சரமாய்ப் படுத்திருக்கும் காய்களைப் பறித்துக்கொண்டே இருக்கவேண்டும், அவன் போதும் என்கிறவரை. திரும்பக் கையில் வந்த போனில் ஐந்து இருபது என்று ஒருநாள் பார்த்துவிட்டு பவுனு கேட்டதற்கு, இங்கே பிடிப்பது கேரளா டவர், மணி முன்னேபின்னேதான் காட்டும் என்றான். பொய் என்று பதினோரு பேருக்கும் தெரியும். காய் சீசன் முடிய இரண்டு மாதம் இருந்தது. அதை விட்டால் கூலிக்கு எங்கே அலைவது என்பதும் பதினோரு பேருக்கும் தெரியும்.

வாட்ச் வாங்கிய மறுநாள் காலை செல்லப்பாண்டி வாட்சைப் பார்த்துச் சிரித்தான். செடியில் மாட்டும், கழற்றிப் பையில் போடச் சொன்னான். மாட்டினால் என் கைதானே என்று சொல்லிவிட்டு பவுனு வரிசைக்குள் இறங்கினாள். அன்று அவள் கை மற்ற நாளைவிட வேகமாக ஓடியது. குறை சொல்ல அவனுக்கு இடம் வைக்கக்கூடாது. மூன்று மணிக்குமேல் அடிக்கடி முள்ளைப் பார்த்தாள். தேனியில் நர்சிங் படிக்கும் மகள் அபிதாவுக்குக் கட்டவேண்டிய பீஸை நினைத்தாள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. இன்னொரு நாள் என்றால் இன்றைக்கு நிமிர முடியாது என்றும் தோன்றியது. முள் நாலரையைத் தொட்டபோது எழுந்து நின்று, இடுப்பில் கட்டியிருந்த காய்ப்பையை அவிழ்த்தாள்.

செல்லப்பாண்டி மேட்டிலிருந்து இறங்கி வந்தான். "என்னக்கா?"

"மணி நாலரை ஆயிருச்சு தம்பி."

"ஷோவுக்குப் போடுற வாச்சு அது. அதை நம்பியா எந்திரிச்சீக?"

"அப்ப போன் பையை எடுத்துட்டு வாங்க. பதினோரு போன்லயும் பாப்போம்."

அவன் நகரவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்று குரலை உயர்த்தாமல் சொன்னான். பவுனு காய்ப்பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"எட்டு மணிக்கு வருவேன். நாலரைக்கு எந்திரிப்பேன். நீங்களும் இங்கனதான இருப்பீக" என்றாள்.

அடுத்த செடியடியில் இருந்த முருகம்மாள்தான் அவர்களில் மூத்தவள். அவள் எழுந்து வந்து பவுனுவின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனாள். கண்ணாடியின் மேல் விரல் வைத்து இரண்டு முள்ளையும் பார்த்தாள்.

"நாலு முப்பத்தஞ்சு" என்று சத்தமாகப் படித்தாள். "எந்திரிங்க ஆத்தா."

உடனே ஒருவரும் எழவில்லை. மேல் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருவர். கடைசியில், செல்லப்பாண்டிக்குச் சொந்தக்காரியான முத்துலட்சுமி அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். ஸ்டோர் ரூமில் மாட்டியிருந்த பையிலிருந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள். கேட்டருகே ஜீப்பில் படுத்திருந்த டிரைவர் விஜய்பாண்டி, இத்தனை பேர் இந்நேரத்தில் வருவதைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்தான்.

ஜீப் மலையை விட்டு இறங்கியது. நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு வளைவில் எதிரே லாரி வர, விஜய்பாண்டி வண்டியை ஓரம் கட்டினான். வழக்கமாக அந்த வளைவுக்கு வரும்போது கீழே விளக்குகள்தான் தெரியும். இன்று மலையின் நிழல் பள்ளத்தாக்கில் பாதியை மூடியிருந்தது. மீதிப் பாதியில் நல்ல வெயில். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சேலை நிறம்கூடத் தெரிந்தது. அதில் மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, மலையைப் பார்த்து நின்றாள்.