சிமெண்ட் மனிதருக்கு ஒரு கோட்டு

சின்னவள் கேட்டது ஒரு பைதான். பெரிய பை. சிலையின் தலைவழியாகப் போட்டு, கீழே ஒரு கயிறு விட வேண்டும். கயிற்றை இழுத்தால் பை கழன்று விழ வேண்டும். கேட்டதில் தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அத்தான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட்டாள்.

அத்தான் தையல்காரர். ஆண்கள் ஆடை மட்டும். கடைத்தெருவில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயர் காதில் விழாத நாளில் அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் மனத்தில் ஒரு முள். அக்காவின் தம்பி, சொந்த மைத்துனன், தன் கல்யாணத்துக்குக் கடையில் தொங்கிய ரெடிமேட் கோட்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டான். குடும்பப் படத்தில் அந்தக் கோட்டின் இடது தோள் தொங்குவதை, வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டுவார். அப்படிப்பட்டவர் காதில் 'துணி' என்ற சொல் விழுந்த பிறகு, வேறு யாரிடமாவது கொடுக்கிறேன் என்று சொல்ல சின்னவளுக்கு வாய் வரவில்லை.

"பை தைக்கிறவன் வேற, நான் வேற," என்றார் அத்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆளு என்ன உயரம்?" என்று கேட்டார்.

சின்னவள் பகலில் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள், மாலையில் சிற்ப வகுப்புக்குப் போனாள். அந்த வகுப்பில் அவள் செய்து முடித்த ஒரே பெரிய சிலை இது. கம்பிக் கூட்டின் மேல் சிமெண்ட் பூசிய மனிதர். அரைக்கால் சட்டை, மேலே வெற்றுடம்பு. பேருந்துக்காகக் காத்திருந்து காத்திருந்து முன்னால் சாய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். சிலைக்கு அவள் வைத்த பெயர் 'வரும்'.

பேட்டையில் நகராட்சி நடத்திய திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சிக்கு அது தேர்வானபோது அவள் நம்பவில்லை. கடிதம் வேறு யாருக்கோ வந்ததாக இருக்கும் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏற்பாடு இதுதான். பேட்டையின் தெருக்களில் ஏழு சிலைகள் நிற்கும். ஞாயிறு காலை மக்கள் கூட்டமாக நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கூட்டம் வந்து சேரும்வரை சிலைகள் மூடியே இருக்கும், வந்ததும் திரை விலகும். பிடித்த சிலையின் பலகையில் ஒட்ட ஆளுக்கு ஒரு சிவப்பு ஒட்டுவில்லை. எந்தச் சிலையின் பலகையில் வில்லைகள் அதிகம் விழுகின்றனவோ அது வைத்த இடத்திலேயே நிரந்தரமாக நிற்கும். மற்றவற்றை அன்று மாலைக்குள் செய்தவர்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுக்காவிட்டால் லாரி வரும். லாரி போகுமிடம் கட்டட இடிபாடுகளை நொறுக்கும் கிடங்கு.

வகுப்பு நடந்த கொட்டகையைக் காலி செய்துவிட்டார்கள். அவள் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அவள் படுத்தால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் அவள் படுக்க முடியாது. அக்கா வீட்டில் தையல் இயந்திரங்களுக்கே இடமில்லை. ஆகவே தோற்றால் மனிதர் ஜல்லியாகிவிடுவார். இந்த எண்ணம் வந்ததிலிருந்து அவள் சிலையின் குறைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். வலது காது பெரிது. முழங்கால் உருளைக்கிழங்கு மாதிரி. மூக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. அவள் நம்பியது முதுகு ஒன்றைத்தான். கழுத்திலிருந்து இடுப்புவரை வளைந்து இறங்கும் முதுகு, தோல் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த விலா. அதைச் செய்தது தானா என்றுகூட அவளுக்குச் சில சமயம் சந்தேகம் வரும்.

சிலையைப் பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் போல்ட் போட்டு உட்கார வைத்த மறுநாள், அத்தான் அளவெடுக்க வந்தார். காதில் சுண்ணாம்புக்கட்டி, கழுத்தில் நாடா. பழக்கதோஷத்தில், "கையைக் கொஞ்சம் தூக்குங்க சார்," என்றார். சார் தூக்கவில்லை. அத்தான் அனுசரித்துக்கொண்டு குனிந்து அளந்தார்.

"ஆளு கூனல். முதுகுல துணி கூடுதலா விடணும். வயித்துலயும் தையலுக்குள்ள கொஞ்சம் மடிச்சு வைக்கிறேன். இந்த வயசுல தொப்பை போடும்."

"அத்தான், இது சிமெண்ட்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க."

பை, கயிறு என்று அவள் இன்னொரு முறை நினைவுபடுத்தினாள். அத்தான் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அக்காவிடம் சொன்னபோது அக்கா பெருமூச்சு விட்டாள். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம், கேட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார் என்றாள்.

ஞாயிறு காலை கூட்டம் நூலக வாசலில் கூடியது. நடத்திக்கொண்டு போனவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பேட்டையின் தெருக்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதால் நகராட்சி அவரைப் பிடித்துப் போட்டிருந்தது. நடையையும் அவர் பேருந்தாகவே ஓட்டினார். நிறுத்தம் வந்தால்தான் நிற்கலாம், இடையில் யாரும் கூட்டத்தில் ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. முன்னால் இடம் இருக்கிறது, தள்ளிப் போங்கள் என்று பரந்த வெட்டவெளியில் நின்று சொன்னார். விசில் வேறு.

சிற்பிகள் முன்னால் ஓடிப்போய்ச் சிலையைத் தொடக்கூடாது என்பது விதி. சின்னவளும் கூட்டத்தோடு நடந்தாள். வங்கி முனையில் பூப்போட்ட போர்வையை இழுத்தார்கள், கரண்டிகளால் ஆன மீன் வந்தது. கைதட்டல். சலவைக்கடைத் தெருவில் திரைச்சீலையை இழுத்தார்கள், ஒரு கல் உருண்டை வந்தது. அதற்குப் பெயர் 'இருத்தல்'. செய்தவர் நெடுநேரம் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் கால் கடுத்த ஒருவர் அதன்மேல் இருந்துவிட்டார். எல்லாவற்றிலும் கயிறு சுண்டியதும் துணி விழுந்தது. கூட்டம் 'ஆ' என்றது. அந்த 'ஆ'தான் பாதி ஒட்டுவில்லை என்று சின்னவளுக்குப் புரிந்தது. தன் பையும் அப்படி விழ வேண்டுமே என்று கைவிரல்களைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

பேருந்து நிறுத்தம் தெரிந்தது. பை தெரியவில்லை. சிலையும் தெரியவில்லை. சிலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கனவான் உட்கார்ந்திருந்தார்.

சாம்பல் நிறத்தில் கோடு போட்ட துணியில் கோட்டு. அதே துணியில் முழுக்கால்சட்டை. கையுறை, காலுறை, முகத்தை மறைக்க இறக்கிவிட்ட தொப்பி, தொப்பிக்கும் காலருக்கும் நடுவே கழுத்துத் துணி. இடுப்பில் வாகாகப் பிடித்து, தோளில் சுருக்கமே இல்லாமல், மார்புப் பையில் கைக்குட்டையின் முனை எட்டிப் பார்க்க, அந்தப் பேட்டையிலேயே அவ்வளவு கச்சிதமாக உடுத்திய ஆள் அன்று வேறு யாருமில்லை.

நகராட்சி அதிகாரி அம்மாள் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். கனவானிடம் மரியாதையாக, இது கண்காட்சி இடம், கொஞ்சம் எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டார். கனவான் அசையவில்லை. இரண்டாம் முறை குரலில் மரியாதை குறைந்தது. கூட்டத்தில் ஒருவர், பெரிய மனுஷன் மாதிரி உடுத்தியிருக்கிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை போல என்றார். நடத்துநர் கிட்டே போய் தோளைத் தட்டினார். தட்டிய கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

"அம்மா, இவர் விறைச்சுப் போயிருக்கார்."

கூட்டம் ஒரே அடியாகப் பின்னால் நகர்ந்தது. சின்னவள் மட்டும் முன்னால் வந்தாள். அதுதான் சிலை, அந்த உடுப்புதான் உறை என்று முணுமுணுத்தாள். அதிகாரி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி, கயிறு எங்கே என்றார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அத்தான் தையல் பெட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அக்கா.

"கயிறு இழுத்தா கழர்ற மாதிரி உடுப்பு தைச்சா, நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் அத்தான். "நேத்து ராத்திரி உடம்புல வெச்சே தைச்சு முடிச்சது. புயல் அடிச்சாலும் அசையாது."

அப்படியானால் எப்படிக் கழற்றுவது என்று அதிகாரி அம்மாள் கேட்டார். எல்லாரும் எப்படிக் கழற்றுகிறார்களோ அப்படித்தான் என்று சொல்லி, அத்தான் முதல் பொத்தானை அவிழ்த்தார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. துணி ஒரே வீச்சில் விழுந்தால் அது திரை விலகுவது. நடுத்தெருவில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு வயதான ஆளின் கோட்டை இன்னொரு ஆள் பொத்தான் பொத்தானாக அவிழ்ப்பது வேறு விஷயம். இரண்டாம் பொத்தானில் கூட்டம் பார்வையைத் தாழ்த்தியது. மூன்றாவதில் ஒரு தாய் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். உள்ளே பார்த்தால் உள்கோட்டு இருந்தது. அதற்கும் பொத்தான். அதிகாரி அம்மாள் எதிர்க்கட்டடத்தின் ஜன்னல்களை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கால்சட்டைக் கொக்கிக்கு அத்தானின் கை போனபோது, கல் உருண்டை செய்தவர்கூட, "வேண்டாமே, பாவம்," என்றார்.

நடத்துநர் விசிலை வாயில் வைத்தார். அடுத்த நிறுத்தத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். கூட்டத்துக்கும் அது நல்ல சாக்காக இருந்தது. சின்னவளின் பலகை வெறுமையாக நின்றது. இவர்கள் இப்படியே போய்விட்டால் சிலையை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் பொறுத்துக்கொள்வாள். பார்க்காமலேயே ஜல்லியாக்குவதா?

அத்தானின் பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்த பிறகுதான் அத்தானின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுவைச் சிகிச்சை அறை வாசலில் நிற்பவர் முகம் அது. அந்தக் கோட்டுக்கு அவர் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. கத்தரிக்கோலைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

"அத்தான், எல்லாம் வேண்டாம். முதுகை மட்டும் பிரிச்சு விடுங்க."

"முதுகா? நடு முதுகுத் தையல்தாம்மா கோட்டுக்கே உயிரு. அதைப் பிரிச்சா என்னை எவன் மதிப்பான்?"

"அதுக்கு அடியிலதான் நான் இருக்கேன்," என்றாள் சின்னவள். சொன்ன பிறகு அது அபத்தமாகப் பட்டது. ஆனால் வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா முன்னால் வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் ஆபத்து என்று அத்தானுக்குத் தெரியும்.

"நீங்க பிரிக்கிறீங்களா, நான் பிரிக்கட்டா? இந்தக் கோட்டுக்குக் காஜா எடுத்தது யாரு? எனக்குத் தையல் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும்."

அத்தான் தையல் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்தார். காலருக்குக் கீழே நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இழை, பிறகு ஒரு இழை. பொத்தான் அவிழ்த்தபோது தலையைத் திருப்பிக்கொண்ட கூட்டம், தையல் பிரியும் 'டிக் டிக்' சத்தத்துக்கு மெல்லத் திரும்பியது. மேல்கோட்டு, உள்கோட்டு, அதன் உள்துணி எல்லாம் முதுகின் நடுவே ஒரே கோடாகப் பிளந்தன. துணி இரண்டு பக்கமும் கதவுபோல விலகியது.

முன்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கு அதே கனவான்தான், கைக்குட்டையோடு. பின்னால் போன முதல் ஆள் நின்றுவிட்டார். இரண்டாம் ஆள் அவர் ஏன் நின்றார் என்று பார்க்கப் போய்த் தானும் நின்றார். அவ்வளவு மிடுக்கான கோட்டுக்குள்ளே அப்படி ஒரு முதுகு. களைத்து, மடிந்து, எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வெற்று முதுகு. கண்ணைப் பொத்தியிருந்த தாய் கையை எடுத்தாள். யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே, "நம்ம மேனேஜர்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு முன்னால் போய்க் கோட்டைப் பார்த்தார்கள், மறுபடி பின்னால் வந்தார்கள். பெஞ்சைச் சுற்றி ஒரு ஊர்வலமே நடந்தது. நடத்துநர் விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தானும் ஒரு சுற்று போனார்.

அதிகாரி அம்மாள், வெளியே நாம், உள்ளே நாம் என்று ஏதோ சொற்பொழிவு ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஒட்டுவில்லையின் பின்தாளை நகத்தால் உரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பலகையில் இடமில்லாமல் போய்ச் சிலர் பேருந்து அட்டவணைமேல் ஒட்டினார்கள்.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். மனிதர் நிரந்தரமாக உட்காரலாம். ஒரே நிபந்தனை, இன்று இருந்தபடியே இருக்க வேண்டும், கோட்டோடு. சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். காது, மூக்கு, முழங்கால் எல்லாம் துணிக்குள்ளே போய்விடும். வெளியே தெரிவது முதுகு மட்டும். யோசிக்க யோசிக்க அது நிபந்தனை மாதிரியே இல்லை. சரி என்றாள்.

சரி என்று சொல்லாதவர் அத்தான்தான். பிரிந்த தையலோடு தன் கோட்டை ஊர் நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். தையல்காரன் பின்பக்கம் தைக்க மறந்துவிட்டான் என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள் என்றார். பிளவை மூடுவது பற்றி அவர் பேச வாயெடுத்தபோது அக்கா ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில், விளிம்புகளை மட்டும் மடித்து அடித்துவிடலாம், அப்போது வேண்டுமென்றே திறந்துவிட்ட மாதிரி இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்.

லாரி வந்து கரண்டி மீனை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தான் பெஞ்சுக்குப் பின்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் எதிரே குந்தி, விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேருந்துக்கு நின்ற இருவர் கோட்டைத் தடவிப் பார்த்து, தைத்தது யார் என்று விசாரித்தார்கள். அத்தான் வாயில் ஊசி இருந்ததால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

ஊசியை எடுத்துவிட்டு அந்த முதுகை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தார். நாடா வைத்து அளந்த முதுகுதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றார். "ஆனா அடுத்த தடவை கொஞ்சம் நிமிர்ந்த ஆளா பாரு. கூனலுக்குத் தைச்சு என் முதுகு போச்சு."

சரி அத்தான் என்று தலையாட்டினாள்.

"தலையாட்டாத. துணி நழுவுது. இழுத்துப் பிடி."

அவள் இழுத்துப் பிடித்தாள்.