ஆறடி பக்கெட்

எதை அள்ளப் போகிறாய் என்று கேட்காமல் நான் எவனுக்கும் பக்கெட் அடித்துக் கொடுத்ததில்லை. கடத்தூரில் பதினாறு வருஷமாக வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். என் தங்கை சுகுணாவின் புருஷன் பச்சியப்பனிடமும் அதைத்தான் கேட்டேன். புதிதாக வாங்கிய மினி டிராக்டரோடு பட்டறை வாசலில் வந்து நின்றிருந்தான். முன்னால் மண் அள்ளித் தூக்குகிற இரண்டு இரும்புக் கைகள் மட்டும் இருந்தன. அதில் மாட்டுகிற பக்கெட்டை நான் அடித்துக் கொடுக்க வேண்டும்.

"ஏரி வண்டலுங்க மச்சான். அள்ளிக்கச் சொல்லி பர்மிட் குடுத்துட்டாங்க. ஆறடி அகலத்துக்குப் போடுங்க."

"ஆறடியா! வண்டியே மூணரை அடிதான் இருக்குது. ஈர வண்டல் என்னா கனம் கனக்கும் தெரியுமா? நாலடி போதும் மாப்ள."

"எங்கூரு பிரபாகருக்கு அஞ்சடி போட்டுக் குடுத்தீங்களே."

"அவன் வண்டி நாப்பத்தஞ்சு எச்பி. உன்னுது இருபத்துநாலு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்."

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "ஊரானுக்கு அஞ்சடி, வூட்டு மாப்பிள்ளைக்கு நாலடி. சரிங்க, இருக்கட்டும்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் பெண் கொடுத்த வீட்டில் எல்லாரும் இறங்கித்தான் போக வேண்டும். அது இரும்புக்குத் தெரியுமா?

மறுநாள் சுகுணா போன் பண்ணினாள். "அண்ணா, நேத்துலருந்து அவரு சோத்துல கை வெக்கல. கேட்டத போட்டுத்தான் குடுத்துடேன். என்னா ஆயிடப் போவுது?"

போட்டுக் கொடுத்தேன். தப்பென்று தெரிந்தே, தகடு வெட்டி, பல் வைத்து, ஆறடிக்குப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள்.

வண்டியில் மாட்டிய அன்றைக்கு சுகுணாவும் வந்திருந்தாள். பக்கெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் பச்சியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்னாடி முந்நூறு கிலோவுக்கு ஒரு கான்கிரீட் கட்டை மாட்டு. இல்லன்னா முன்னாடி பாரம் இழுத்துப் பின்சக்கரம் மேல தூக்கிடும்" என்றேன்.

"அத கழட்டி மாட்டி யாருங்க லோல்படறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்படின்னா உன் பொண்டாட்டிய பின்னாடி ஏத்தி நிறுத்திக்க, போ!"

மாமன் மச்சான் கேலிதான். பட்டறையே சிரித்தது. சுகுணாவும் சிரித்தாள். "போண்ணா! என்னப் பாத்தா கான்கிரீட்டு மாதிரியா இருக்குது?"

சொன்னது கேலி என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இங்கே டிராக்டரின் பின்பக்கம் தூக்கினால் இரண்டு பேர் பின்னால் தொற்றிக்கொள்வது வழக்கம். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒருத்தனையாவது இறங்கச் சொன்னேனா? இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. ஏரியில் பச்சியப்பன் அதுவரை அரை பக்கெட்டாகத்தான் அள்ளியிருக்கிறான். பக்கத்தில் பிரபாகர் வண்டி வந்து நின்றதும் இவனுக்கு ரோஷம். குவிய அள்ளித் தூக்கினான். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. சோறு கொண்டுவந்த சுகுணாவைக் கூப்பிட்டு, "பின்னாடி ஏறு" என்றான். அவளும் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தில் ஏறி நின்று மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி தூக்கினான். அவளையும் சேர்த்துக்கொண்டு பின்பக்கம் இரண்டடி மேலே போயிற்று. பயந்துபோய் லிவரை அமுக்கிவிட்டான். பக்கெட் தடாலென்று இறங்க, பின்சக்கரம் தரையில் மோதிய வேகத்தில் அவள் கரைக் கல்லின் மேல் போய் மல்லாந்து விழுந்தாள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். முதுகுத் தண்டு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது, இனி நடக்க மாட்டாள். அவர் காட்டிய சீட்டில் எடை என்று எழுதியிருந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. நாற்பத்தாறு கிலோ.

வெளியே வந்து பச்சியப்பன் சட்டையைப் பிடித்தேன். "பாவி, முந்நூறு கிலோன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. அழுதுகொண்டே நின்றான். "நீங்கதான மச்சான் அவள ஏத்தச் சொன்னீங்க?"

என் கை தானாக விட்டுவிட்டது.

உள்ளே சுகுணா கண் விழித்திருந்தாள். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டிருந்தார்கள்; பேச்சு மெதுவாக வந்தது.

"அவரத் திட்டாதண்ணா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அண்ணன் சொன்னதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு ஏறுனேன்."

"பேசாத பாப்பா. படு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் இன்னும் கொஞ்சம் கனமா இருந்திருந்தா வண்டி நின்னிருக்குமா?"

அவளைப் போல ஆறேழு பேர் ஏறியிருக்க வேண்டும். அவள் ஏறியதும் ஏறாததும் ஒன்றுதான். அதை எப்படிச் சொல்வேன்? கால்மாட்டில் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவள் பாதத்தை மூடினேன், விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.