விட்டுக்கொடுத்த இடம்

"கையெழுத்து மட்டும் போடு. மத்ததை நானே எழுதிட்டேன்."

கணவன் நீட்டிய தாளை மனைவி வாங்கவில்லை. அவன் அதைச் சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். உடல்நலக் குறைவால் இன்றைய அறுவைச் சிகிச்சையைத் தன்னால் செய்ய இயலாது, தனக்குப் பதிலாகக் கணவரை அனுமதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. நோய் கணவனுக்குத்தான், அதற்குப் பெயர் வயிற்றெரிச்சல்.

இருவரும் ஒரே மருத்துவமனையில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை பழகுகிறவர்கள். "வயித்துச் சுவர் எங்க விட்டுக்கொடுக்குதோ, அங்கதான் குடல் வெளிய வரும்" என்பது அங்கே முதல் பாடம். வெளியே வந்ததை உள்ளே தள்ளி, ஓட்டையின் மேல் வலை வைத்துத் தைக்க வேண்டும். பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு கேஸுக்கும் இரண்டு கட்டங்கள்: செய்தவர், உதவியவர். இரண்டு வருடமாக முதல் கட்டத்தில் அவன் பெயர். வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியோடு நின்ற அவள் பெயர் இரண்டாவதில். "வீட்டுக்காரருக்கு வழி விடும்மா" என்று சீனியர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்தபடி விட்டாள். படிக்கிற காலத்தில் அவனை 'நீ' என்றவள் கல்யாணத்துக்கு மறுநாளே 'நீங்க'வுக்கு மாறியதும் அப்படித்தான்.

வீட்டில் பழக ஒரு அட்டைப் பெட்டி செய்து வைத்திருந்தார்கள். உள்ளே கேமரா, பஞ்சுத் துண்டு, வலை. நீளமான கருவிகளைத் துளை வழியே நுழைத்து, திரையைப் பார்த்துத் தைக்க வேண்டும். அவனுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது, அவளுக்கு ஐந்தரை. முதல் நாள் "பரவாயில்லையே" என்றான். அப்புறம் அவள் பெட்டி முன் உட்கார்ந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டினான். போன வாரம் பெட்டியை அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டான்.

புதிதாக வந்த சீஃப்புக்கு யார் வீட்டுக்காரர், யார் வீட்டுக்காரி என்று பார்க்கத் தெரியவில்லை. எல்லோரையும் தைக்கவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைய கேஸை அவளே முழுக்கச் செய்ய வேண்டும் என்றார். நன்றாக முடித்தால், அடுத்து வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடமும் அவளுக்கு.

"நாளைக்கு இவ சொல்லிக் கொடுப்பா, நான் கைகட்டிக் கேக்கணுமாம்மா?" என்று, துணி துவைத்துவிட்டு மேஜைப் பக்கம் வந்த தாயிடம் முறையிட்டான்.

மாமியார் துணி வாளியை இறக்கி வைத்தாள். "விட்டுக்கொடுத்துப் போம்மா. வீடுன்னா யாராவது விட்டுக்கொடுத்துத்தானே ஆகணும்? நான் விட்டுக்கொடுக்காமலா இத்தனை வருஷம்..."

இருமல் வந்தது. மாமியாரின் கை தானாகப் போய் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தது.

மருமகள் அதற்குள் பேனாவை எடுத்திருந்தாள். கீழே வைத்துவிட்டாள். அப்படிப் பிடிக்கிற கையை அவள் நூறு நோயாளிகளிடம் பார்த்திருக்கிறாள்.

"அத்தை, கொஞ்சம் படுங்க."

"எதுக்கும்மா, வெறும் இருமல்தானே."

விடாமல் சோபாவில் படுக்க வைத்தாள். வயிற்றைச் சுற்றி ஒரு துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அதை அவிழ்த்தாள். அடியில் பழைய தழும்பு.

"எத்தனை வருஷமா அத்தை?"

"இவன் வயசு. இவனை வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. கனம் தூக்காதேன்னாங்க. இங்க யாரு கேட்டா? பத்தாம் நாளே வாளி தூக்கினேன்."

"ரெண்டு டாக்டர் இருக்கிற வீட்டுல சொல்லக் கூடாதா?"

"பெத்த பையன்கிட்ட வயித்தைக் காட்டவா முடியும்? உன்கிட்ட சொன்னா நீ அவன்கிட்ட சொல்லுவ. அவனுக்குப் பரீட்சை, வேலைன்னு ஆயிரம் இருக்கு. போகட்டும்னு விட்டுட்டேன்."

மனைவி கணவனின் கையைப் பிடித்து இழுத்துத் தழும்பின் மேல் வைத்தாள். "இப்ப இருமுங்க அத்தை."

எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று எழும்பி, மகனின் உள்ளங்கையில் முட்டியது.

அவன் முகம் வெளுத்தது. வலிக்கிறதா என்று கேட்பான் என இருவரும் அவனையே பார்த்தார்கள்.

"இதை நீ எப்போ கண்டுபிடிச்ச?" என்று மனைவியைக் கேட்டான்.

மாமியார் மகனின் கையைத் தன் வயிற்றிலிருந்து எடுத்துவிட்டாள். மெல்ல எழுந்து மேஜைக்குப் போனாள். அந்தத் தாளை நாலாக மடித்துத் தழும்பின் மேல் வைத்து, அதன் மேலேயே துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் இது தாங்கும். நீ கிளம்பும்மா. விட்டுக்கொடுத்தா என்ன ஆகும்னுதான் கண்ணால பார்த்துட்டியே."

மருமகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வா, நேரமாச்சு. இன்னைக்குக் கொக்கி நீதான் பிடிக்கணும்."

அந்த 'நீ' மாமியார் காதில் நன்றாகவே விழுந்தது. "நிக்காதடா, போ" என்றாள் மகனிடம்.