ஓடித்தான் கதைக்க வேணும்

நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் கிடந்த கூட்டாளி ஒருவரைப் பார்க்க மகேந்திரராசா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். நகரத்தின் நடுவில் நிற்கும் மலையின் அடிவாரத்தில் சிவப்பு விளக்குக்கு பஸ் நின்றது. பாதையோரம் இருபது இருபத்தைந்து பேர் காலை உதறிக்கொண்டும் கையைச் சுழற்றிக்கொண்டும் கும்பலாய் நின்றார்கள். அதில் நீலத் தொப்பி போட்ட ஒருத்தி குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினாள். முகம் தெரியவில்லை. ஆனாலும் பெற்றவருக்கு அந்தக் குனிவு போதும். அது அவருடைய மகள் நிரோஜா.

அடுத்த தரிப்பில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். அதற்குள் கும்பல் மலைப்பாதையில் ஏறிவிட்டது. இரண்டு மணித்தியாலம் அங்கேயே நின்றார். அவள் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தபோது, பாதையின் நடுவே போய் நின்று, "பிள்ளை" என்றார்.

அவள் கண்டாள். கண்டும், வழியில் நட்ட கம்பத்தை விலத்துவது போல ஒரு பக்கம் ஒதுங்கி ஓடிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் அதேதான். மூன்றாவது ஞாயிறு அவள் வேறு பாதையால் இறங்கிப் போனாள். வெறும் மரங்களைப் பார்த்தபடி நின்ற மகேந்திரராசாவுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. நின்று மறித்தால் இவள் நிற்க மாட்டாள். இவளோடு கதைப்பதென்றால் ஓடித்தான் கதைக்க வேணும்.

கதைக்க வேண்டியது என்ன என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியும்.

நிரோஜா தன் விருப்பத்துக்கு வினோஜன் என்ற பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதே நகரத்தின் ஓரத்தில் ரொக்ஸ்பரோவில் குடியேறினாள். வினோஜன் நல்ல பெடியன், நல்ல வேலை. குடிப்பதுமில்லை. ஆனால் அவனுடைய தகப்பனின் ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், என்ன தொழில் என்று மகேந்திரராசா மூன்று பேரிடம் விசாரித்தார். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அன்றோடு மகள் என்ற கதையை வீட்டில் எடுக்க விடவில்லை. மனைவி புஷ்பவதி குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு மகளோடு போனில் கதைப்பது அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துகொண்டார்.

பிறகு ஒரு மார்ச் மாதத்தில் புஷ்பவதி போய்ச் சேர்ந்தாள். மரண அறிவித்தல் போட வேண்டும். எங்கள் சனத்துக்கு அந்த அறிவித்தல்தான் குடும்ப அட்டை மாதிரி. லண்டனில் இருப்பவரும் சிட்னியில் இருப்பவரும் போனில் அதைத் திறந்து, இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமி என்று வரிவரியாய் வாசிப்பார்கள். யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். "சாரங்கனின் அன்புத் தாயாரும்" என்று மட்டும் போடச் சொன்னார் மகேந்திரராசா. மகன் சாரங்கன் டொரொண்டோவிலிருந்து அழுதுகொண்டு தடுத்தும் கேட்கவில்லை.

லண்டனில் இருந்த சிநேகிதி ஒருத்தி அனுப்பித்தான் நிரோஜா அந்த அறிவித்தலைப் பார்த்தாள். தாய் செத்ததே அவளுக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. தகன நாளன்று தனியாக வந்தாள். மண்டபத்தின் கடைசி வரிசையில் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் இருந்தாள். அங்கே கொடுத்த அஞ்சலித் துண்டை வாசித்தாள். அதிலும் அவள் பேர் இல்லை. நாலாய் மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். சத்தம் போடவில்லை, ஒருவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மகேந்திரராசா அதற்குப் பதில் சொல்லியே இரண்டு வருடத்தை ஓட்டியிருப்பார்.

ஐம்பத்தாறு வயதில் ஓடப் பழகினார். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் இருந்த மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினால் பத்து நிமிட நடையில் ஜாரி பார்க். முதல் நாள் பாதிச் சுற்றுக்கூட முடியவில்லை. பார்க் வாங்கில் குந்தியிருந்து பித்தத் தண்ணீரைச் சத்தி எடுத்தார்.

அவர் வேலை செய்தது உறைய வைத்த மீனும் மரக்கறியும் அடுக்கும் குளிர்க்களஞ்சியத்தில். பதினெட்டு வருடம் சைபருக்குக் கீழே இருபதில் பெட்டி தூக்கியவனுக்குக் குளிர் என்ன செய்யும் என்று நினைத்திருந்தார். களஞ்சியத்தில் காற்று இல்லை என்பது வெளியே ஓடியபோதுதான் தெரிந்தது. காற்று கன்னத்தைச் சீவியது. மூச்சு நெஞ்சுக்குள் கண்ணாடித்தூள் மாதிரி இறங்கியது. மீசை உறைந்து உதட்டோடு ஒட்டிக்கொண்டது.

கூட வேலை செய்த அல்போன்சம்மா, சாப்பாட்டு நேரத்தில் அவர் நொண்டுவதைக் கண்டுவிட்டாள்.

"என்ன அண்ணை, ஆரும் அடிச்சவையோ?"

"ஓடினனான்."

"எங்கை, பஸ்ஸுக்கோ?"

"சும்மா. பார்க்கிலை. சீனி கூடிப்போச்செண்டு டொக்டர் சொன்னவர்."

"மாதாவே! ஊரிலை ஆமி கலைச்ச நேரமே நீங்கள் நடந்துதான் வந்திருப்பியள். இப்ப ஓடுறாராம்." சிரித்து முடித்துவிட்டு, அவருடைய கழுத்துப்பட்டியை விரலால் இழுத்துப் பார்த்தாள். "இதென்ன, உள்ளுக்குப் பருத்தி பெனியனோ? கழட்டி எறியுங்கோ. வேர்வை முழுக்க அதிலை நிக்கும். நிண்டியளெண்டா நெஞ்சோடை உறையும். என்ர மூத்தவன் பள்ளிக்கூடத்திலை ஓடுறவன். அவன்ர பழசு ஒண்டு கொண்டு வாறன்."

"உன்ர மகன்ர எனக்கு அளவாயிருக்குமே?"

"வண்டி வயித்தை உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சுக்கொண்டு ஓடுங்கோவன்."

மறுநாள் சொன்னபடி கொண்டுவந்தாள். கூடவே சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்ளுறையும். அது இல்லாமல் ஜனவரி மாதத்து ஐஸில் ஒருநாள் விழுந்து, முழங்கை வீங்கி, ஒரு கிழமை இடக்கையால் பெட்டி தூக்கியிருந்தார்.

வேலை முடியும்போது, பின்னேரம் நாலு மணிக்கே, இருட்டத் தொடங்கிவிடும். வீட்டுக்குள் போய் இருந்தால் எழும்ப மாட்டார் என்று தெரியும். அதனால் பஸ்ஸால் இறங்கியதும் நேரே பார்க்குக்குப் போவார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. ஓடும்போது, அவளிடம் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினார். "பிழை விட்டிட்டன், பிள்ளை." அதைச் சொல்லிக்கொண்டு ஓட முதலில் மூச்சுக் காணவில்லை. சொல்லுக்கு ஒரு எட்டு, மூச்சுக்கு இரண்டு எட்டு என்று பழகினார். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துக் கழன்றன. ஒரு காதின் ஓரம் வெளிறி, பிறகு கொப்பளித்து, தோல் உரிந்தது. புஷ்பவதி இருந்தால் ஏசியிருப்பாள். ஏச ஆளில்லாத வீட்டில், சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்.

ஜனவரிக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் கும்பலுக்குப் போனார். மே மாத மரதன் ஓட்டத்துக்குப் பழகுகிறவர்கள். பேர் பதியத் தேவையில்லை, யாரும் வரலாம். நிரோஜா அவரைக் கண்டாள். அவருடைய பழைய களஞ்சியக் கையுறையையும், அல்போன்சம்மாவின் பெடியனின் சட்டைக்குள் பிதுங்கிய வயிற்றையும் பார்த்தாள். மற்றப் பக்கம் திரும்பினாள். ஆனால் விட்டுப் போகவில்லை. மகேந்திரராசாவுக்கு அது போதும்.

முதல் ஞாயிறு, இரண்டாவது வளைவிலேயே நீலத் தொப்பி மறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு நாலாவது வளைவு வரைக்கும் தெரிந்தது. அதற்கடுத்ததில் அவளுடைய சப்பாத்து உறைபனியை நொறுக்கும் சத்தம் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது தொடையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டார். கால் வந்துவிட்டது, இனிப் பயமில்லை.

பெப்ரவரிக் கடைசி ஞாயிறு, சைபருக்குக் கீழே இருபத்திரண்டு. கும்பலில் பாதிப்பேர் வரவில்லை. மலையை வளைத்து ஏறும் பாதையின் நடுவில் மகேந்திரராசா அவளுக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு முழம் இடைவெளி.

"பிள்ளை."

அவள் திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டவுமில்லை.

"அண்டைக்கு... அந்த அறிவித்தல்... சாரங்கன் இல்லை. நான்தான்... வேண்டாமெண்டனான்."

"தெரியும்."

இரண்டு வருடத்தில் அவள் சொன்ன முதற் சொல். மகேந்திரராசாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, கன்னத்திலேயே இறுகியது.

"பிழை விட்டிட்டன். இந்தமுறை... அம்மான்ர ரெண்டாம் ஆண்டு நினைவஞ்சலி... உன்ர பேர் போட்டிருக்கு. சாரங்கன், நிரோஜா ஆகியோரின் அன்புத் தாயார் எண்டு... குடுத்திட்டன். புதன்கிழமை வரும்."

அவள் நின்றாள். உடம்பு குளிர்ந்துவிடாமல் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தபடி, மூக்கை மூடியிருந்த துணியைக் கீழே இழுத்தாள். இமை மயிரெல்லாம் வெள்ளையாய் உறைந்திருந்தது.

"அவற்ற பேர்?"

"ஆற்ற?"

"ஆற்றயோ? அப்பா, என்ர மனுசன்ர பேர். மருமகன் எண்டு போட்டியளோ?"

வெள்ளிக்கிழமை போனில் அறிவித்தல்காரப் பெடியன் இதைத்தான் கேட்டான். "மருமக்கள் ஆரும் இருக்கினமோ, ஐயா? இருந்தா அவையின்ர ஊரையும் சொல்லுங்கோ." மகேந்திரராசா யோசிக்காமல், "இல்லை, தம்பி" என்றார். மகளின் பேரைச் சொல்ல மூன்று மாதம் ஓடியவருக்கு, அந்த இல்லையைச் சொல்ல ஒரு நொடி எடுக்கவில்லை. பேரோடு ஊரும் வரும். ஊரைக் கண்டால் போதும், மிச்சத்தைச் சனம் தானே கண்டுபிடித்துவிடும்.

"போடேல்லை, என்ன?" என்றாள் நிரோஜா. குரலில் கோபம் இல்லை. "இன்னும் மூண்டு நாள் கிடக்கு. ஒரு போன் கோல்தானே. இப்ப எடுங்கோ, நான் நிக்கிறன்."

போன் நெஞ்சுப் பையில்தான் இருந்தது. கையுறையைக் கழற்றினார். விரல் நுனி ஊசி குத்துவது போல இருந்தது. பையின் சிப்பை இழுத்தார். பாதி திறந்தது. இங்கே கனடாவிலும், பிரான்சிலும் ஊரிலும் அந்த வரியை வாசிக்கப் போகிற முகங்கள் ஒவ்வொன்றாய் வந்து முன்னால் நின்றன. சிப்பிலிருந்து கையை எடுத்தார்.

"பேந்து பாப்பம், பிள்ளை," என்றார். "முதல் உன்ர பேர் வரட்டும். சனம் பழகட்டும். பேந்து..."

நிரோஜாவின் கால்கள் அசைவதை நிறுத்தின. தகப்பனின் முகத்தை வடிவாகப் பார்த்தாள்.

"அம்மாவும் கடைசிமட்டும் இதைத்தான் சொன்னவ. பேந்து அப்பா மாறுவார், பேந்து அப்பா மாறுவாரெண்டு." துணியை மேலே இழுத்து மூக்கை மூடினாள். "என்ர பேரையும் எடுத்து விடுங்கோ. கையுறையைப் போடுங்கோ, விரல் போயிடும்."

திரும்பி ஓடத் தொடங்கினாள்.

மகேந்திரராசாவும் ஓடினார். பத்து எட்டு, இருபது எட்டு. முன்னால் நீலத் தொப்பி சிறுத்துக்கொண்டே போனது. ஏற்றமான இடத்திலும் அவளுடைய கால் நிலத்தில் படுகிறதா என்று தெரியவில்லை. முன்னால் போன ஒருவரைத் தாண்டினாள், அடுத்தவரைத் தாண்டினாள், முதலாவதாய் ஓடிக்கொண்டிருந்த நெட்டைப் பெடியனையும் தாண்டினாள். இப்படி அவள் ஓடி அவர் பார்த்ததில்லை. நாலாவது வளைவு வரைக்கும் தெரிந்ததும், சப்பாத்துச் சத்தம் கேட்டதும், இன்றைக்குப் பக்கத்தில் வந்ததும் தன்னுடைய காலால் நடந்ததல்ல என்று அவருக்கு அங்கே வைத்து விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் கொஞ்சம் கொஞ்சமாய் மெதுவாக ஓடியிருக்கிறாள்.

பின்னால் வந்த வெள்ளைக்கார மனுசி ஒருத்தி ஓட்டத்தைத் தளர்த்தி, "சா வா, மெஸ்யூ?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டாள்.

"சா வா," என்றார் மகேந்திரராசா. "மெர்சி."

அவள் போய்விட்டாள். அவர் போன் இருந்த பையின் பாதி திறந்த சிப்பை மேலே இழுத்து மூடிவிட்டு, மலையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கினார்.