ஜெயபாய் ஏறிய வண்டி

எழுபத்தொன்றாம் வருடம் ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கிழக்கேகோட்டை புத்தரிக்கண்டம் மைதானத்தில் நடந்த பழைய டிராக்டர் கண்காட்சியிலிருந்து, எஞ்சின் இல்லாத வண்டி ஒன்று ஆறு வயது ஜெயபாயைச் சுமந்துகொண்டு புறப்பட்டுப் போனது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. உழவு முடிந்து தொழுவத்துக்குத் திரும்பும் மாடு அதைவிடச் சற்று விரைவாக நடக்கும். ஆனாலும் யாராலும் அதை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ஜெயபாயின் தகப்பன் ராஜையனுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். கரமனையில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை. இரும்பில் செய்த எதைக் கண்டாலும் நின்று பார்க்காமல் நகரமாட்டார். மனைவி சற்குணத்துக்கு அன்று சங்குமுகத்தில் கடல் பார்க்க ஆசை. ராஜையன்தான் ஆராதனை முடிந்த கையோடு இருவரையும் மைதானத்துக்கு அழைத்து வந்தார். தோட்டத் துரைமார் விட்டுப்போன டிராக்டர்களுக்குப் புது பெயின்ட் அடித்து, கயிறு கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கடைசி வண்டிக்கு மட்டும் பெயின்ட் இல்லை. பல் வைத்த இரும்புச் சக்கரங்களும் ஸ்டியரிங்கும் சீட்டும் இருந்தன. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் காக்கைக்கூடு இருந்தது. பிள்ளையை அதில் உட்காரவைத்தால் படம் நன்றாக வரும் என்றார் போட்டோக்காரர்.

"வேண்டாம், கேட்டியளா. துரு ஏறிக் கெடக்கு, பிள்ளைக்க பாவாட கெட்டுப்போவும்" என்றாள் சற்குணம்.

"ஒரு படம் எடுக்கியதுக்குள்ள என்னட்டீ ஆயிரும்?" என்று ராஜையன் மகளைத் தூக்கி சீட்டில் வைத்தார். பின்னாளில் கழுவி வந்த படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தரையில் சக்கரத்தடம் தெரிந்தது.

வண்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியபோது ஜெயபாய் கைகொட்டிச் சிரித்தாள். ராஜையன் ஓடினார். ஒரு மூங்கில் நீளத்துக்கு முன்னால் வண்டி போனது. டாக்சி பிடித்து விரட்டினார். அப்போதும் அதே மூங்கில் நீளம். நேமத்தில் லாரியைக் குறுக்கே நிறுத்தினார்கள். டிரைவர் இறங்கிப் பார்க்கையில் லாரி வண்டிக்குப் பின்னால் நின்றது. பிள்ளை அதற்குள் சிரிப்பை நிறுத்தி, தண்ணீர் கேட்டு அழத் தொடங்கியிருந்தது. குதிக்கப் பார்த்தால் தரையும் அவளுக்கு அதே மூங்கில் நீளம் தள்ளியே இருந்தது. சற்குணம் ஒரு கடையில் ஆரஞ்சு வாங்கி வீசினாள். அது நேராக மகளின் மடியில் விழுந்தது. மனிதர் போக முடியாத தூரத்தை வீசிய பொருள் கடக்கும் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

கண்காட்சிக்காரர்கள் வண்டி களவு போனதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட பிரதி, ராஜையன் மகள் ஜெயபாய், வயது ஆறு. இன்ஸ்பெக்டர் ராஜையனை நிறுத்திவைத்து, "எஞ்சின் இல்லாத்த வண்டி எங்ஙனெயாடோ போகுன்னது?" என்று, அது எப்படிப் போகும் என மலையாளத்தில் கேட்டார்.

"அதத்தான் சாறே நானும் கேக்கியேன்" என்றார் ராஜையன். பிரதியைப் பிடிக்க முடியாததால் கேஸ் கிடப்பில் விழுந்தது.

வண்டிக்கு ஒரு பாதை உண்டென்று பிறகு தெரிந்தது. கரமனை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, ஆரியநாடு, விதுரா, நெடுமங்காடு, மீண்டும் கிழக்கேகோட்டை. அது எங்கும் நிற்கவில்லை. முதல் வருடம் சற்குணம் பின்னாலேயே நடந்தாள். சோற்றுப்பொதியும் உடுப்பும் போர்வையும் வீசினாள், இரவில் பாட்டுப் பாடினாள். காட்டாக்கடையில் உலகம்மை டீச்சர் பள்ளிப்பிள்ளைகளைப் பின்னால் நடத்திக்கொண்டு உரக்கப் பாடம் சொன்னாள். ஜெயபாய் தமிழும் மலையாளமும் கணக்கும் அப்படிப் படித்ததுதான். பிள்ளை வயதுக்கு வந்தபோது ஆரியநாட்டுப் பெண்கள் புதுச்சேலைகளை வீசினார்கள். அவள் அவற்றைச் சீட்டைச் சுற்றிக் கட்டி ஒரு கூடாரம் செய்துகொண்டாள். கால் வீங்கி நடக்க முடியாமல் போனபின், சற்குணம் பஸ்ஸில் போய் வழியில் காத்திருக்கப் பழகினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள். ராஜையன் பட்டறையை விட்டு நின்றார். காலையில் எங்கோ போவார், சாயங்காலம் செம்மண் படிந்த வேட்டியோடு வருவார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வருடங்கள் இப்படிப் போயின.

ஒரு நாள் ஆரியநாட்டு வளைவில் மகள் மேலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மே, இந்தப் பக்கம் இப்பம் குலுங்கியதே இல்ல. முன்னே இடுப்பு ஒடிஞ்சுபோவும்." சற்குணம் சாலையைப் பார்த்தாள். குழி இருந்த இடமெல்லாம் சரளையும் செம்மண்ணும் இட்டு இடித்து நிரப்பியிருந்தது. வண்டி போனபின் குறுக்குவழியாக முன்னால் போய்ப் பார்த்தாள். அடுத்த வளைவில் கூடையும் இடிகட்டையுமாக ராஜையன் குனிந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டதை அன்றுதான் கவனித்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடியுங்க. மழைக்கு எளகிப்போவும்" என்றாள்.

அவர் நிமிரவில்லை. இடித்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு மண் அள்ளப் போனாள். அதன்பின் இருவருமாகவே போனார்கள்.

எண்பத்துமூன்றாம் வருடம் இடவப்பாதி மழை விதுரா போகும் வழியில் சாலைக்கடியில் நீர் போகும் ஒரு கலுங்கை அடித்துக்கொண்டு போனது. இருவரும் கல் சுமந்துகொண்டிருக்கும்போதே வண்டி வந்து, உடைப்பின் விளிம்பில் நின்றது. அது நின்று யாரும் பார்த்ததில்லை. ராஜையன் மெல்ல அதை நோக்கி நடந்தார். மூங்கில் நீளம் குறைந்து குறைந்து இல்லாமலாயிற்று. சக்கரத்தைத் தொட்டார், பிறகு மகளின் பாதத்தைத் தொட்டார். பதினெட்டு வயதுப் பெண்ணை ஆறு வயதுப் பிள்ளையைப் போல் இரு கையாலும் தூக்கி இறக்கினார். அவள் கால் தரையில் தரிக்கவில்லை. சற்குணம் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன, தனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் கை அது.

"நெரப்பாண்டாம்" என்றாள் சற்குணம். "இது இப்பிடியே கெடக்கட்டு. ரோடே வேண்டாம்." ராஜையன் கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் உடைப்புக்கு அந்தப்பக்கம் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பஸ் நின்றிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களும் ஆண்களும் இறங்கி, யாரையும் கேட்காமல் கல் புரட்டத் தொடங்கினார்கள். ராஜையன் மகளையும் மனைவியையும் வழியோரம் ஒதுக்கி உட்காரவைத்தார். சாயங்காலத்துக்குள் வழி உண்டாயிற்று. பஸ் கடந்தது. பிறகு வண்டி அசைந்தது. ஜெயபாய் எழுந்தாள். சற்குணம் அவள் கையை விடவில்லை.

"விடு அம்மே, நான் போவல்ல" என்றாள் ஜெயபாய். "சீட்டில எனக்க போர்வ கெடக்கு. மழையில நனையும்."

போர்வை வண்டியோடு போயிற்று. அவளைப் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார்கள். ஓடுகிற எதிலும் இனி ஏறமாட்டேன் என்றாள். மூவரும் நடந்தார்கள். அவளுக்கு நடை வராததால் பெற்றவர்கள் அடிக்கடி நின்று நின்று போனார்கள். கரமனை வந்துசேர நாலைந்து நாள் ஆயிற்று.

வண்டி இன்னமும் அதே பாதையில் ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. பஸ் டிரைவர்கள் ஹாரன் அடிப்பதில்லை, கொஞ்சம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் மட்டும் அதைக் கண்டால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்கிறார்கள்.