கவிஞர் அளவுக்கு ஒரு நாற்காலி

இட்வால் அளவு நாடாவை எடுத்த வியாழக்கிழமையே ஹெவினாவுக்குப் பயம் தட்டிவிட்டது.

கடலோர ஊரான போர்த் எலனில் நாற்காலிக்கும் சவப்பெட்டிக்கும் ஒரே தச்சன்தான். சவப்பெட்டி இட்வால் என்றால்தான் ஊரில் ஆள் தெரியும். வருஷா வருஷம் ஊர்க் கவிதை விழாவில் ஜெயிக்கிறவருக்குத் தரும் ஓக் நாற்காலி அவன் கைவேலை. மேடையில் புனைபெயரைக் கூப்பிடும்வரை ஜெயித்தது யாரென்று ஒருவருக்கும் தெரியக்கூடாது, அதுதான் சட்டம். இவனோ நங்கூரம் மதுக்கடையின் பின்னறையில், கணப்பருகே சாய்ந்திருந்த கவிஞர் கெரெடிக்கின் பெருத்த இடுப்பைச் சுற்றிப் பகிரங்கமாக நாடா போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏன்டா, நாற்காலிக்குத்தானே?” என்றார் கெரெடிக்.

“இப்போதைக்கு நாற்காலிக்குத்தான், கவிஞரே. பயப்படாம மூச்சை விடுங்க.”

“தாராளமா எடு இட்வால்,” என்றான் ரொட்டி ஹாவெல். “இந்த வருஷம் அவருக்கு இல்லாம வேற எவனுக்காம்?”

போன ஐந்து வருஷமும் கெரெடிக் தோற்றதற்கு நடுவர்களின் அறியாமையே காரணம் என்று வியாழன்தோறும் இங்கே கூடும் இந்தக் கவிதைக் கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. இந்த முறை வருகிற நடுவர் படித்தவராம்.

அந்தக் கூட்டத்தின் நாலாவது ஆள் மீன்கடை ஹெவினா. புருஷன் டுடுர் கடலோடு போனபின் வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற எண்ணெய்ச் சட்டிதான். வியாழன் மட்டும்தான் மனுஷப் பேச்சு. கெரெடிக்கின் கோழிக்கிறுக்கலைப் பத்து வருஷமாக அவள்தான் டைப் அடித்துக் கொடுக்கிறாள். அடிக்கும்போது நொண்டுகிற வரியைச் சத்தமில்லாமல் சரி பண்ணிவிடுவாள். அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஈஸ்டர் சமயம் ஒரு வரியைக் காட்டி, “இது என்னங்க அர்த்தம்?” என்று கேட்டாள். “உனக்குப் புரியாது ஹெவினா, நீ அடி,” என்றார் அந்த மனுஷன், புகைக்குழாயில் புகையிலையைத் திணித்தபடியே. ஆகட்டும் என்று வந்தவள், மறுநாள் கடை திறக்குமுன் மீன் மடிக்கும் தாளில் ஒரு கவிதையை எழுதினாள். விழாக் குழு கொடுத்த தலைப்பு ‘வற்று’, அதாவது கடல் உள்வாங்குவது. ‘உப்பு’ என்று புனைபெயர் போட்டுத் தபாலில் சேர்த்தபிறகுதான் கோபம் ஆறியது. கோபம் ஆறியதும் பயம் வந்தது. தப்பித்தவறி ஜெயித்துத் தொலைத்தால்? நான்தான் என்று சபையில் எழுந்து நின்றால் வியாழக்கிழமைக் கூட்டம் போச்சே!

இதில் இன்னொரு கூத்து. ஊரில் டைப் மெஷின் அவளிடம் மட்டும்தான். ஹாவெல் ஒருநாள் பின்வாசல் வழியாக வந்து, “கவிஞருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுவார், மூச்சு விடாதே தாயே,” என்று ஒரு கவிதையைக் கொடுத்தான். அடுத்த வாரம் இட்வாலும் அதே வாசல், அதே கெஞ்சல். ஆக, கவிஞரைப் புகழ்ந்துகொண்டே இரண்டு பேரும் கவிஞருக்கு எதிராகப் போட்டி!

விழா சனிக்கிழமை மத்தியானம், தேவாலயக் கூடத்தில். கெரெடிக் புது டையும் கையில் ஒரு கட்டுமாக வந்தார். சொந்தச் செலவில் அச்சடித்து, பதினொரு வருஷமாகக் கட்டிலுக்கடியில் தூங்கிய தன் கவிதைப் புத்தகத்தில் இருபது பிரதிகள்.

“நாற்காலி கிடைச்சதும் வாசல்ல விக்கணும். பத்திரமா வச்சுக்கோ,” என்று ஹெவினாவின் மடியில் வைத்தார்.

நடுவர் வெளியூர்ப் பாதிரியார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வழக்கப்படி ஒவ்வொரு கவிதையையும் புனைபெயர் சொல்லிச் சபையில் உரித்தார்.

“‘கடற்காகம்’ எழுதியது நன்றாகப் பொங்கியிருக்கிறது. உள்ளே வேகவில்லை.”

ரொட்டி ஹாவெல் கூரையைப் பார்த்தான்.

“‘மாலுமி’ பதினான்கு பாட்டில் பதினோரு பேரைக் கொன்றுவிட்டார். மிச்சம் இருப்பவர்களுக்கும் உடம்பு சரியில்லை.”

“பாவம், எவனோ,” என்றான் இட்வால். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

“‘கலங்கரை விளக்கம்.’ இலக்கணத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வீட்டை அழகாகக் கட்டியிருக்கிறார். குடியிருக்கத்தான் ஆளைக் காணோம்.”

கெரெடிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கை டையைத் தடவியபடியே இருந்தது. ஹெவினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐயோ, இந்த மனுஷனைப் போய் இப்படியா!

“கடைசியாக, ‘உப்பு,’” என்றார் பாதிரியார். “கடல் வற்றும்போதெல்லாம், எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பி வைத்திருக்கிறதா என்று கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் ஒருத்தி. வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அவ்வளவுதான் கவிதை. இலக்கணம் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. அதைக் குறித்து வைப்பதற்குள் எனக்கு மூக்கைச் சிந்த வேண்டியதாகிவிட்டது. நாற்காலி உப்புக்கு.”

எக்காளம் முழங்கியது. “உப்பு, எழுந்து நிற்கவும்!”

கூடமே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஹெவினா புத்தகக் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்று எக்காளத்துக்குள் யாரும் எழவில்லையென்றால் இந்த வருஷம் நாற்காலி யாருக்கும் கிடையாது. கிடையாமலே போகட்டுமே!

இரண்டாவது எக்காளம்.

“எந்திரி,” என்றார் கெரெடிக், மேடையைப் பார்த்தபடியே.

“என்னங்க?”

“எந்திரிங்கிறேன்ல. பத்து வருஷமா என் பாட்டுல எது நல்ல வரியோ அது நான் எழுதினது இல்ல. எனக்குத் தெரியாதா? வாங்கி வச்சுக்கிட்டேன், வெக்கமில்லாம.” புத்தகக் கட்டின் பக்கம் கையை நீட்டினார். “மூணாவது ஊதப்போறான். கொடு இதை.”

மடியிலிருந்த கட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போகவே, ஹெவினா எழுந்து நின்றாள்.

“மீன்கடை ஹெவினாவா!” என்று யாரோ கத்தினார்கள். ஹாவெலின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

கைத்தாங்கலாக மேடையேற்றி உட்கார வைத்தார்கள். கெரெடிக்கின் இடுப்புக்கும் கெரெடிக்கின் காலுக்கும் செய்த நாற்காலி. அதில் இன்னும் இரண்டு ஹெவினாக்களுக்கு இடம் இருந்தது. பாதங்கள் தரையில் எட்டாமல் அந்தரத்தில் ஆடின. கூடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கொல்லென்று சிரித்தது. இட்வால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தரையைத் தேடித் தேடி அவள் கால் விரல்கள் தவித்தன.

கெரெடிக் எழுந்தார். படியேறி மேடைக்குப் போனார். அந்த உடம்பைச் சிரமப்பட்டு வளைத்து மண்டியிட்டு, புத்தகக் கட்டை அவள் பாதங்களுக்கு அடியில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஐயோ, என்னங்க இது, புத்தகத்து மேலயா?”

“வை. பதினொரு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தருக்கு உபயோகப்பட்டிருக்கு.”

ஹெவினா குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினாள். காலுறை போட்ட பாதங்களை மெதுவாக இறக்கினாள். சரியாக எட்டின.

“வியாழக்கிழமை?” என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“வராம இருந்து பாரு, தெரியும் சேதி.”

அவள் தலைக்குமேல் விழா வாளை உறையிலிருந்து பாதி உருவிப் பிடித்து, யாருக்கும் மறுப்பில்லையே என்று வழக்கப்படி சபையைக் கேட்டார்கள்: “சமாதானமா?”

“சமாதானம்!” என்று முதல் குரல் மேடையிலிருந்தே வந்தது. கெரெடிக்கால் இன்னும் எழுந்திருக்க முடியவில்லை.